பஸ்ஸில் சொல்லக்கூடாத சொல்

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் அமருமுன் அவர் குனிந்து அதன் அடியைப் பார்த்தார். மெலிந்த மனிதர்; கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருந்தார். நத்தார்ப் பண்டிகைக்காக நான் வீட்டில் போட்ட முந்திரிகைப்பழ வைன், சாராயப் போத்தல்களில், என் காலடிப் பையில் இருந்தது. பஸ்ஸுக்குள் சனமும் புழுக்கமும். பையிலிருந்து மெல்லிய சீறல் கேட்டதும் அவர் முகம் வெளிறியது.

"தம்பி, உதுக்குள்ளை என்ன?" காதருகே கேட்டார்.

"வைன், ஐயா."

"தக்கையோ, திருகு மூடியோ?"

"திருகு மூடி. காத்துப் போகாமல் இறுக்கிப் பூட்டினனான்."

"நுரை அடங்கினதோ?"

அடங்கவில்லை.

"ஐயோ, அப்ப உது வெடி..."

அவர் கை என் வாயைப் பொத்தியது. "அந்தச் சொல்லை இஞ்சை சொல்லாதையும். போத்தல் உடையிறதுக்கு முதல் சனம் மிதிபட்டுச் செத்துப்போம்."

பிறகு எழுந்து, "தம்பிக்குச் சத்தி வருது, வாயாலை எடுக்கப்போறார், நிப்பாட்டுங்கோ" என்று உரக்கச் சொன்னார். முன்னிருக்கைக் குழந்தைக்கு முதுகைக் காட்டி, பையை வயிற்றோடு அணைத்தபடி இறங்கினார்; நானும் பின்னால் இறங்க, பஸ் போய்விட்டது.

நீர்வேலி வாழைத்தோட்டத்து ஓரம். தன் தோள் சால்வையைப் போத்தல்கள்மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நுரை பொங்கி வழிந்தது.

"சோடாப் போத்தல் எண்டால் கொஞ்சம் தாங்கும். தக்கை எண்டால் தானாக் கழன்றிருக்கும். இது ரெண்டுமில்லை."

"ஐயாவும் வைன் போடுறனீங்களோ?"

"இல்லை. ஒருக்கா நான் வந்த பஸ்ஸிலை, இருக்கைக்குக் கீழை குண்டு வெடிச்சது" என்றார்.

அடுத்த பஸ் வந்தது. ஏறியதும் அவர் மறுபடியும் குனிந்து இருக்கையின் அடியைப் பார்த்தார். நானும் குனிந்தேன்.