நாற்பத்தைந்து என்று எழுதிய அட்டை

மச்சாளுக்குக் கொடுத்த அந்தப் பிறந்தநாள் அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கத்தில் பலூன்களுக்கு நடுவே 45 என்று பொன்னிறத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும். உள்ளே, நியூசிலாந்தில் ஒனிஹங்கா தையல் தொழிற்சாலையில் எங்கள் வரிசையில் வேலை செய்த எல்லாருடைய கையெழுத்தும் உண்டு. பக்கத்து மெஷின் வெள்ளைக்காரி, 'உன்னைப் பார்த்தால் நாற்பத்தைந்து என்று யாரும் சொல்லமாட்டார்கள்' என்று எழுதியிருந்தாள். அதை நான் தமிழில் சொன்னதும் மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா. அன்று அவருக்குப் பிறந்தநாளும் இல்லை, வயது நாற்பத்தைந்தும் இல்லை. ஐம்பத்திரண்டு.

ஏஜென்சிக்காரன் கொடுத்த, வேறு யாரோ ஒருத்தியின் பிறந்த தேதி போட்ட பாஸ்போர்ட்டில் வந்து இறங்கியவர் அவர். இறங்கிய பயத்தில் அந்தத் தேதியையே சொல்லிவிட்டார். பிறகு எல்லாப் படிவங்களிலும் அதையே நான்தான் ஆங்கிலத்தில் நிரப்பினேன். அவருடைய மகன் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தான். "ஒண்டைப் பிழையெண்டு சொன்னால் எல்லாத்தையும் பிழையெண்டுவாங்கள். பிள்ளை வந்து சேரட்டும், பிறகு என்ர வயசைப் பாப்பம்" என்பார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அடுத்த ஆண்டு அந்த வெள்ளைக்காரிக்கு ஒரு கடிதம் வந்தது. ஐம்பதைக் கடந்த பெண்களுக்கு மார்பை இலவசமாகப் படம் எடுத்துப் பார்க்கிறார்களாம். போனாள். கடலைப்பருப்பு அளவில் ஏதோ இருந்தது, எடுத்துவிட்டார்கள். சில மாதங்களில் மறுபடி மெஷினில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தாள். அவள் மச்சாளைவிட ஒரு வயது இளையவள். மச்சாளுக்குக் கடிதம் எப்படி வரும்?

குளிக்கும்போது கட்டி தட்டுப்படுவதாக மச்சாள் என்னிடம் சொன்னது அந்தக் குளிர்காலத்தில்தான். டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கோப்பில் பிறந்த தேதியைப் பார்த்தார். இதற்கு வயது காணாது என்றார். உங்கள் நாட்டுப் பெண்களுக்கு இது குறைவு, மூன்று மாதம் பொறுத்து வாருங்கள் என்றார். கையிலிருந்த பேனாவைக் கீழே வைக்கவே இல்லை. உண்மையான வயது என் நாக்கு நுனிவரை வந்தது. மச்சாள் மேசைக்கடியில் என் கையை அழுத்தினார். விழுங்கிவிட்டேன்.

அதற்காக என்னை நானே திட்டித் திட்டி அலுத்துப் போனேன். அலுத்த பிறகுதான் மற்றது உறைத்தது. ஒரு கட்டியைத் தொட்டுப் பார்க்க வயது எதற்கு? நாற்பத்தைந்து வயது வெள்ளைக்காரி ஒருத்தி போய்ச் சொல்லியிருந்தால் அந்தப் பேனா கீழே போயிருக்கும். எங்கள் வரிசைச் சமோவாத் தீவுக்காரியின் தங்கையையும் இப்படித்தான் பொறுத்து வா என்று அனுப்பி, பிந்திக் கண்டுபிடித்தார்கள். அவளுடைய பிறந்த தேதியில் ஒரு பொய்யும் இல்லை.

மூன்று மாதம் ஐந்தாகி, பெரியாஸ்பத்திரியில் பார்த்தபோது அது அக்குள்வரை போயிருந்தது. கடைசியில் மகனுக்கு விசா வந்தது. தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு சக்கர நாற்காலியில் விமான நிலையத்துக்கு வந்தார் மச்சாள். மகனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு என்னிடம் கேட்டார்: "இனி என்ர வயசைச் சொல்லலாம்தானே?"

"அவன்ர பேப்பர்கள் இன்னும் முடியேல்லை மச்சாள். கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். நானும் பொறுக்கத்தான் சொன்னேன்.

செத்தவீட்டில் அந்த வெள்ளைக்காரி பெட்டியருகே நின்று தேம்பினாள். இவ்வளவு இளம் வயதில் போய்விட்டாளே என்றாள். மகன் பக்கத்தில் நின்றான். ஓம், இளம் வயதுதான் என்றேன்.

எனக்கு இப்போது ஐம்பத்து நான்கு, மச்சாள் போன வயது. நினைவுக் கல்லில் வெட்டியிருக்கும் வருடத்தை நம்பினால் நான் அவரைவிட ஏழு வயது மூத்தவள். போன வாரம் மார்புப் படத்துக்கு வரச்சொல்லி எனக்கும் கடிதம் வந்தது. அதை வைக்க அலுமாரியைத் திறந்தபோது அட்டை கையில் வந்தது. பேனாவை எடுத்து, அந்தப் பொன்னிற 45இன் கீழ் 52 என்று எழுதினேன். அவருடைய வயதை நான் சரியாக எழுதியது அதுதான் முதல் தடவை.