ஆறு துண்டான நெஞ்சுப்படம்

மதுரையில் இறங்கியபோது மணி 9.20. திருச்சியிலிருந்து மூன்று மணி ஐம்பது நிமிடம். வழியில் பதினான்கு நிறுத்தங்கள், அவற்றில் ஆறு தேவையற்றவை. ஆஸ்பத்திரி வாசலில் என் மகளின் மாமனார் காத்திருந்தார். உசிலம்பட்டிக்காரர். பம்பாய்ப் பக்கம் ஓர் ஆலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கொதிகலன் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் சுற்றியவர்.

கல்நார்த் தூசியைச் சுவாசித்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் நெஞ்சில் புற்றுநோய் வரலாமாம். வலி தொடங்குமுன் அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராயும் டாக்டரம்மா ஒருவர் இங்கே இருக்கிறார். 10.30க்கு அழைத்தார். அன்று காலை எடுத்த எக்ஸ்ரே படத்தில் வலப்பக்கம் கீழே ஒரு வெள்ளைத் திட்டு.

"இது பழைய தழும்பா இருக்கலாம், புதுசா வளர்றதாவும் இருக்கலாம். முன்னாடி எடுத்த படம் இருந்தாத் தெரிஞ்சுரும். புதுசுன்னா ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்கணும். நோய்தான்னா நெஞ்சுக்குள்ளயே செலுத்துற மருந்து ஒண்ணு இருக்கு. இன்னும் சோதனையிலதான் இருக்கு. உறுதி சொல்ல மாட்டேன்."

நான் இதுவரை பத்தொன்பது டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் இவர் ஒருவரே.

"மூணு வருசத்துக்கு முன்ன இருமலுக்கு எடுத்த படம் வீட்ல கெடக்கு" என்றார் சம்பந்தி.

1.15 பேருந்தில் உசிலம்பட்டி புறப்பட்டோம். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாலையோரம் கல்நார்க் கூரை போட்ட கட்டிடங்கள் நாற்பத்தொன்று. முந்தைய நாள் வந்திருந்தால் எண்ணியிருக்க மாட்டேன்.

வீட்டில் படத்தின் உறை இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

"கெரகணத்தன்னிக்குத் தெருவே சூரியனப் பாக்கணும்னுச்சு" என்றார் சம்பந்தியம்மா. "ஆறு துண்டா வெட்டிக் குடுத்துட்டேன்."

"அது எம் நெஞ்சுடீ!"

"நெஞ்சு ஒங்ககிட்டதான இருக்கு?"

வீடு வீடாக ஏறி இறங்கினோம். 5.30க்குள் ஐந்து துண்டுகள் கிடைத்தன. ஆறாவது, வலப்பக்கக் கீழ்த்துண்டு, சைக்கிள் கடைக்காரரின் தொப்பியில் வெயிலுக்கு மறைப்பாகத் தைக்கப்பட்டிருந்தது.

"அண்ணே, ஒங்க நெஞ்சு வழியாத்தான் சூரியனப் பாத்தேன். அம்புட்டுச் சுத்தம், ஒரு ஓட்டை இல்ல!" என்று சிரித்தவர், விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார். பிளேடை எடுத்துத் தையலைத் தாமே அறுத்துக் கொடுத்தார்.

மறுநாள் 8.50. டாக்டரம்மாவிடம் சொல்ல ஒரு மன்னிப்பைத் தயாரித்து வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. விளக்குக் கண்ணாடியில் துண்டுகளைப் பரப்பி, விலா எலும்புகளை வாய்விட்டு எண்ணிப் பொருத்தி, பதினொரு நிமிடத்தில் ஒட்டி முடித்தார். இரண்டு படத்தையும் இருமுறை அளந்தார். சம்பந்தி என் கையைப் பிடித்திருந்தார். அவர் அப்படிச் செய்பவரல்லர்.

"அதே எடம், அதே அளவு. மூணு வருசமா அசையல. தழும்புதான். இப்ப ஊசி வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்துருங்க."

நாங்கள் எழுந்தபோது கேட்டார்: "ஒங்ககூட அங்க வேலை பாத்தவங்க இந்தப் பக்கம் எத்தனை பேரு?"

சம்பந்தி விரல்விட்டு எண்ணினார். "பதினோரு பேரு போனோம். என்னையச் சேக்காம, இப்ப இருக்கிறது ஏழு."

டாக்டரம்மா பரிசோதனைக்கு வரச்சொல்லும் ஏழு அட்டைகளை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊரிலும் நல்ல டாக்டர்கள் உண்டு, வந்தவர்களைப் பார்ப்பார்கள். வராதவர்களைத் தேடி ஆள் அனுப்பிய டாக்டரை நான் கண்டதில்லை.

பேருந்து நிலையத்தில், வீட்டுக்குப் போய்ச் சம்பந்தியம்மாவிடம் முதலில் சொல்லும்படி வற்புறுத்தினேன்.

"அவ கெடக்கா. நீங்க ஏறுங்க சம்பந்தி. மொத ஆளு கோச்சடையில இருக்கான், பாத்துட்டுப் போறேன்" என்று டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். அட்டைகள் சட்டைப்பையில் இருந்தன.

என் வண்டி 11.15க்குக் கிளம்பியது. கோச்சடைக்காரர் இந்த நேரத்தில் வீட்டில் இருப்பாரா என்ற கவலை மேலூர் தாண்டியும் என்னை விடவில்லை.