ஆமிக்காரரின் மேசையில் என் விரிப்பு

யுத்த காலத்தில் பழுகாமத்தில் சிறிய கைத்தறி வைத்திருந்தேன். வெளிநாட்டுக் கடையொன்று பச்சையும் மண்ணிறமும் கலந்த கோடு போட்ட மேசை விரிப்புக்கு மாதிரி கேட்டது. முதல் ஏற்றுமதி என்ற சந்தோஷத்தில் வேறொன்றும் யோசிக்காமல் நெய்து, மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன்.

வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் துணியைப் பிரித்த ஆமிக்காரரின் முகம் மாறியது. "இது புலிகள் சண்டைக்குப் போடுற உடுப்புத் துணி! யாருக்கு?" வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் சட்டென்று விலகிப்போனார்கள்.

"ஐயோ, மேசைக்கு விரிக்கிறது ஐயா! பாருங்கோ!" அழுதபடி அவருடைய மேசையிலேயே விரித்தேன். சுற்றிவரக் குஞ்சம் தொங்கியது. குஞ்சத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "போ" என்றார். விரிப்பைத் தரவில்லை.

இப்போது என் விரிப்புகள் கடல் கடந்து போகின்றன. பச்சையும் மண்ணிறமும் சேர்த்துக் கேட்பவர்களுக்கு மட்டும், அந்த நூல் இல்லையென்று எழுதிவிடுகிறேன். இரண்டு நிற நூலும் அலுமாரியில் தனித்தனித் தட்டில் இருக்கின்றன.