கூண்டுக்குள் அம்மா

காருக்குப் பின்னால் இழுத்துப்போன டிரெய்லர் வீட்டோடு என் மகன் ஊர்சுற்றிவிட்டு இன்று திரும்பினான். கதவைத் திறந்ததும் கசங்கிய படுக்கை வாடை. நான் சிறுபிள்ளையாயிருந்த ஐம்பதுகளில், திருப்பதி போய் வந்த எங்கள் கூண்டு மாட்டுவண்டியிலும் இதே வாடைதான். வைக்கோல் வாசனை மட்டும் கூடுதல்.

இரண்டு வயதுத் தம்பிக்குக் காய்ச்சல் விட்டதற்காக அம்மா முடி கொடுத்திருந்தாள். உடம்பு தேறட்டுமென்று அவனைச் சோழவரத்து வீட்டில் அத்தையிடம் விட்டுப் போயிருந்தோம். வண்டியிலிருந்து இறங்கிய மொட்டைத்தலையைப் பார்த்து அவன் அலறினான்.

"யாரோன்னு பயந்துக்கினான், அண்ணி" என்றாள் அத்தை.

அம்மா மறுபடி வண்டியில் ஏறி, கூண்டின் இருட்டிலிருந்து கூப்பிட்டாள். "இன்னாடா கண்ணு, அம்மாடா. வா."

குரலைக் கேட்டு அவன் ஏறிப்போனான்.

நாங்கள் வீட்டுக்குள் போனோம். அம்மா மட்டும் மூன்று நாள், வாசலில் நின்ற வண்டிக்குள்ளேயே அவனுக்குச் சோறூட்டினாள்.