மனுசி வந்தால் மாறிவிடும் முழங்கால் நோ

ஞாயிறு பூசை முடிந்ததும், நாங்கள் அகதியாய் வந்து சேர்ந்த குளிர்நாட்டுச் சிற்றூரான கிரின்ஸ்டெட்டில் கரப்பந்து அடிப்போம். எல்லாருக்கும் சாரம்தான், முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருப்போம். பற்றைக்குள் விழுந்த பந்தை எடுத்து வந்த ஒருநாள், முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி. ஊரில் மாட்டிலும் நாயிலும் பிடுங்கிப் பழகிய சாமான். நசுக்கி எறிந்துவிட்டு விளையாடப் போனேன். பிறகு அந்த இடம் வட்டமாகச் சிவந்தது.

"படர்தாமரையடாப்பா! சாரம் கட்டுறவனுக்கு வராமல் வேற ஆருக்கு வரும்?" என்று அறையில் கூட இருந்த அண்ணை சிரித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பூசுமருந்தைத் தந்தார். பூசினேன். தோல் உரிந்து வட்டமும் போனது.

குளிர் தொடங்க முழங்கால் வீங்கியது. ஆளை அடித்துப் போட்டதுபோல அசதி. குடும்ப டொக்டர் அம்மா உண்ணியைப் பற்றிக் கேட்டறிந்து, இது படர்தாமரை இல்லை, உண்ணி கடித்தால் வட்டமாய்ச் சிவந்து வரும் பொரேலியா நோய் என்று பென்சிலின் தந்தார். வீக்கம் வற்றியது, நோவும் அசதியும் போகவில்லை. இன்னொருமுறை மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்பது அவருடைய எண்ணம். ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. கிருமி இருந்திருந்தாலும் அந்த மருந்தோடு செத்திருக்கும், படர்தாமரை என்று நீரே சொல்கிறீர் என்றார். பிறகு குடும்பம் எங்கே என்று கேட்டார்.

மனைவி யாழ்ப்பாணத்தில், கூப்பிட விண்ணப்பித்தும் பதிலே இல்லை என்றேன். எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை அந்த நாட்டு அரசாங்கமே சட்டத்துக்கு மாறாக வேண்டுமென்று கிடப்பில் போட்டிருந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது. அநியாயம்! டொக்டருக்கோ நோவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது: கவலை. மனைவி வந்தால் நோ மாறிவிடும் என்று கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவலையில்லை என்றால் பொய். கவலை என்றால் முழங்காலை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். இருவரில் யார் சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்தது என் கால்தான்.

"மனுசி வரட்டும், நீதான் பந்துக்கு முதல் ஆளாய் ஓடுவாய்" என்று அண்ணையும் சொல்லத் தொடங்கினார். கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டேன்.

ஒருவழியாக அவள் வந்தாள். அன்றைக்கு நோவே தெரியவில்லை, டொக்டர் வென்றுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமை ஒருநாள் விடிய கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. அவள் எண்ணெய் சூடாக்கித் தேய்த்தபடி விசாரிக்க, டொக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கை நின்றது.

"அப்ப நான் வந்தது மட்டும் உங்களுக்குக் காணாதோ?"

"சீ, என்ன கதை கதைக்கிறாய்" என்றேன். அவள் முகம் தெளியவில்லை.

இரண்டு நாள் கழித்து, நோ மாறிவிட்டது என்று அவளிடம் சொன்னேன். பெரிய டொக்டரிடமும் அப்படியே சொன்னேன். அவர் மகிழ்ச்சியோடு கைகொடுத்து, இனி வரத் தேவையில்லை என்றார்.

ஆஸ்பத்திரிப் படியில் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். கீழே அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பியை விட்டுவிட்டு இறங்கினேன்.