கண்ணாடியின் பின்பக்கம்

பதினான்கு சினிமா நடிகர்கள் ஒரே அன்னக்கூடையில் மல்லாந்து மிதந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஐந்து வயது. கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர்ப் பால்வாடியில் நடந்தது அது. கோதுமை உப்புமாவைத் தின்று முடித்த பிறகு கழுவி வைத்திருந்த அலுமினியக் கூடையில் அவர்கள் மிதந்தார்கள். ஒருவர் சிரித்தபடியே ஊறினார். ஒருவர் துப்பாக்கியை நீட்டியபடி மெல்ல மெல்லச் சுற்றி வந்தார். நாங்கள் கூடையைச் சுற்றி உட்கார்ந்து, விரலால் அவர்களை ஒருவர் மேல் ஒருவர் முட்டவிட்டோம். டீச்சர் திட்டவில்லை. அவர் வேறு வேலையில் இருந்தார். எங்கள் முகங்களை வெட்டிக்கொண்டிருந்தார்.

அந்த டீச்சருக்குத் தை மாதம் கல்யாணம். கல்யாணமானால் வேறு ஊர். போகுமுன் எல்லாக் குழந்தைகள் கையிலும் ஞாபகத்துக்கு ஒன்று கொடுக்க ஆசைப்பட்டார். ஆளுக்கொரு படம் எடுத்துச் சட்டம் போட அவர் சம்பளம் இடங்கொடுக்காது. தீபாவளி முடிந்த வாரத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து போட்டோக்காரர் வந்திருந்தார். விருந்து சாப்பிட்டு வெற்றிலையோடு கிளம்பியவரை டீச்சர் வழியில் நிறுத்திவிட்டார்.

"அண்ணே, சுருள்ல மிச்சம் எவ்ளோ இருக்குது?"

"நாலு படம். இன்னாத்துக்கும்மா?"

"வூட்டுக்கு எடுத்துக்கினு போயி அத இன்னா பண்ணப் போறீங்க? எங்க பசங்கள ஒரு தபா புடிச்சிட்டுப் போங்க."

"பதினாலு பேரு இருக்குதுங்க. நாலு படந்தாம்மா இருக்குது."

"நாலு நாலா நிக்க வைக்கறேன். அப்பறம் வெட்டிக்கறது என் வேல."

எங்களை வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். எல்லோரும் படத்துக்குள் வர வேண்டுமென்று போட்டோக்காரர் "ஒட்டி நில்லு, ஒட்டி நில்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் பக்கத்தில் நின்றவன் மாட்டுவண்டிக்காரர் மகன். போட்டோக்காரர் சொன்னதற்கு மேலேயே ஒட்டி நின்றான். அதன் பலன் பிறகு தெரிந்தது.

சந்தையில் வட்டமான குட்டிக் கண்ணாடி விற்பார்கள். முன்பக்கம் முகம் பார்க்கலாம், பின்பக்கம் நடிகர் படம். சுற்றிலும் தகர விளிம்பு. டீச்சர் அதில் பதினான்கு வாங்கி வந்து, விளிம்பை நெம்பி, பின்பக்க அட்டைகளைக் கழற்றித் தண்ணீரில் ஊறப்போட்டார். நடிகர்கள் பிரிந்து வந்தார்கள். காய்ந்த அட்டைகளில் மைதாப் பசை தடவி எங்களை ஒட்டினார். குங்குமச் சிமிழின் மூடியை முகத்தின் மேல் வைத்துப் பிளேடால் சுற்றி அறுத்ததால் எல்லா முகமும் ஒரே அளவு. மேலே புதுச் சட்டைப் பெட்டியில் வந்த கண்ணாடித்தாள். கரண்டிக் காம்பால் விளிம்பை மறுபடி அழுத்தினால் தீர்ந்தது. பால்வாடிச் சமையல்கார அம்மா மட்டும் துப்பாக்கிக்காரரைக் கூடையிலிருந்து எடுத்து, காயவைத்து, கோதுமைப் பீப்பாயில் ஒட்டிக்கொண்டார்.

என் கண்ணாடியில் எனக்கு மூன்று காது இருந்தது. மூன்றாவது, வண்டிக்காரர் மகனுடையது. ஒட்டி நின்றதால் சிமிழ் மூடிக்குள் அதுவும் வந்துவிட்டது. அவன் படத்தில் ஒற்றைக் காதுதான். அவன் இரண்டு நாள் என் பின்னாலேயே வந்தான்.

"என் காத குடுடீ."

"அது எங்கிட்டதான் இருக்கும். நீ ஏன் ஒட்டிக்கினு நின்ன?"

பதினான்கு கண்ணாடிகளும் கைக்கு வந்த பிறகு பால்வாடியில் யாரும் மத்தியானம் தூங்கவில்லை. வாசற்படியில் வெயில் விழும் இடத்தில் வரிசையாக உட்கார்ந்து கண்ணாடியைச் சாய்ப்போம். இருண்ட ஓட்டுக்கூரையின் உள்பக்கம் பதினான்கு வெளிச்சங்கள் நீந்தும். டீச்சர் அவற்றை மீன் என்பார். ஒன்றையொன்று துரத்தும், உரசும், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பெரிதாகும். பார்த்துக்கொண்டே இருந்தால் நாங்கள்தான் தண்ணீருக்கடியில் இருப்பது போலத் தோன்றும். சில நேரம் மலையை நோக்கித் திருப்பிப் பிடிப்போம். நீலமாக நின்ற மலை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும். அதன்மேல் எங்கோ என் மீன் போய் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, நானே போட்டது. கண்ணாடியின் பின்னால் என் முகம் இருக்கிறது. ஆகவே முன்னால் போகும் வெளிச்சத்தில் என் முகமும் போகிறது. என் மீன் எங்கே விழுகிறதோ அங்கே நான் இருக்கிறேன். இந்த ரகசியத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

வீட்டில் அத்தை அந்தக் கண்ணாடியை வாங்கிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். அம்மா வாங்கியபோது திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான் நேரில் நிற்கும்போது என் படத்தில் அவளுக்கு என்ன வேலை?

கார்த்திகையில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டு தொடங்கும். அப்பா ஒரு வாரம் முன்பே போய்க் குடிசை போட்டிருந்தார். அம்மா மற்ற கூலிக்காரர்களோடு லாரியில் போக வேண்டும். முந்தின வருஷம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கரும்புச் சோகை இலை அறுத்து உடம்பெல்லாம் கோடு, அதோடு காய்ச்சல். இங்கே இருந்தால் பால்வாடியில் மத்தியானச் சோறு உண்டு. அதனால் என்னை அத்தையிடம் விட்டுப் போவதென்று முடிவாயிற்று. இதில் அழுவதற்கு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் வருஷத்தில் பாதி நாள் வேறெங்கோதான் இருந்தார்கள்.

போவதற்கு இரண்டு நாள் முன்பு அம்மா என்னை மடியில் வைத்துத் தலை வாரினாள்.

"கண்ணு, அந்தக் கண்ணாடிய அம்மா எடுத்துக்கினு போவட்டா?"

"ஊகூம்."

"வரும்போது உனுக்குப் பெரிய கண்ணாடியா வாங்கியாறேன்டி."

"பெருசுல மீன் வராது. உனுக்கு இன்னாத்துக்கு அது?"

"அங்க பாக்கறதுக்கு இன்னா இருக்குது? எங்க திரும்புனாலும் கரும்புதான்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணாடி போனால் கூரையில் பதின்மூன்று மீன்தான் நீந்தும், நான் மட்டும் எங்கேயும் இருக்கமாட்டேன். அம்மா வேறு வழி பார்த்தாள். கண்ணாடியை எனக்கு விட்டுவிட்டு, படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமென்று கொண்டை ஊசியால் விளிம்பை நெம்பினாள். டீச்சரின் மைதாப் பசை லேசுப்பட்டதல்ல. ஓரத்தில் மூன்றாவது காது மட்டும் பிய்ந்து அவள் நகத்தோடு வந்தது. இன்னும் இழுத்தால் முகம் கிழியும். அம்மா பயந்து கையை எடுத்துவிட்டாள். நான் காதுக்காக ஊரைக் கூட்டினேன்.

"உடும்மா, கொழந்த அழுவுது. ஒரு படத்துக்கு இன்னா இவ்ளோ?" என்றாள் அத்தை.

"உனுக்கு இன்னா அண்ணி, நீ தெனம் பாக்கப் போற" என்றாள் அம்மா.

கிளம்பும் நாள் காலையில் கண்ணாடியைக் காணோம். அம்மா மூட்டையைப் பிரித்துக் கட்டினாள். பாயை உதறினாள். அடுப்பங்கரைப் பானைகளையெல்லாம் நகர்த்தினாள்.

"நீ எங்கனா வெச்சியாடி?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"எலி இழுத்துக்கினு போயிருக்கும்" என்றாள் அத்தை.

"எலிக்கு இன்னாத்துக்கு அண்ணி என் பொண்ணு மூஞ்சி?"

லாரிக்காரன் ஆரனை விடாமல் அடித்தான். அம்மா மூட்டையைத் தலையில் வைத்தாள், இறக்கினாள், மறுபடி ஒருமுறை கூரைச் செருகலில் கைவிட்டுப் பார்த்தாள். கண்ணாடி என் இடுப்பில் இருந்தது. பாவாடை நாடாவுக்கு உள்ளே, வயிற்றோடு சேர்ந்து, சில்லென்று இருந்தது.

லாரியருகே வந்ததும் அம்மா குனிந்து என்னைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினாள். தூக்கினால் கண்ணாடி அவள் இடுப்பில் இடிக்கும், கண்டுபிடித்துவிடுவாள். நான் பின்னால் நகர்ந்து அத்தையின் புடவைக்குள் புகுந்துகொண்டேன்.

"வாடி, ஒரே ஒரு தபா."

நான் போகவில்லை.

"கோவமா அம்மா மேல?"

நான் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன். லாரியின் மேலிருந்த ஒருத்தி சிரித்தாள். "இன்னாம்மா, பெத்தவகிட்டவே வரமாட்டேங்குது உன் பொண்ணு! அத்தக்காரி நல்லா பழக்கி வெச்சிருக்கறா, போ."

அம்மா நீட்டின கையைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டாள். யாரோ மேலிருந்து கைகொடுத்தார்கள், ஏறிவிட்டாள்.

பிறகு நானும் எத்தனையோ லாரிகளின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். கரும்புக்கு, செங்கல்லுக்கு, திருவிழாக்களில் பலூன் விற்க. நாலாம் வகுப்போடு படிப்பை விட்ட பிறகு ஓரிடத்தில் இருந்ததே இல்லை. லாரியின் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு வருகிற ஊர் தெரியாது, விட்டுப் போகிற ஊர்தான் தெரியும். அது கடைசி மரம் மறையும் வரை தெரிந்துகொண்டே இருக்கும். அந்தக் கண்ணாடி எந்தச் சந்தையிலோ தொலைந்தது. எனக்கு அடுத்த படம் எடுத்தது வாக்காளர் அட்டைக்காக. அந்த வருஷம் மாசியில் திரும்பி வந்தபோது அம்மா கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதை மறைத்து வைக்க வேண்டிய அவசியம் இல்லையே என்று சந்தோஷமாக இருந்தேன்.

அம்மா ஏறிப் போன அன்றைக்கு லாரி கிழக்கே ஏரிக்கரை மேல் ஏறி மெல்லப் போயிற்று. காலை வெயில் அந்தப் பக்கமிருந்து நேராக என் முகத்தில் அடித்தது. பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அம்மா எங்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கண்ணாடி எனக்கு, முகம் அம்மாவுக்கு. இரண்டு பேருக்கும் ஆயிற்று. இவ்வளவு சுலபமானது இரண்டு நாளாக யாருக்கும் தோன்றவில்லையே!

அத்தையை விட்டு ஓடி, பாவாடைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து வெயிலுக்குக் காட்டினேன். என் மீன் முதலில் ஏரிக்கரைப் புல்லில் விழுந்தது. பிறகு லாரிச் சக்கரத்தில். பிறகு மூட்டைகளின் மேல் ஏறி, சிரித்தவளின் தோளைத் தாண்டி, அம்மாவின் முகத்தில் போய் நின்றது. அம்மா திடுக்கிட்டு இங்குமங்கும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

பிறகு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. லாரி அவ்வளவு ஆடுகிறதே என்று நினைத்தேன். கரை வளைவில் மறையும் வரை நான் கையை அசைக்காமல் வெளிச்சத்தை அவள்மேலேயே பிடித்திருந்தேன். அவள் முந்தானையை எடுக்கவே இல்லை.

"எங்கம்மாவுக்குக் கண்ணு கூசுது அத்த" என்று சொல்லிச் சிரித்தேன்.