மாதையன் அணைக்காத கற்பூரம்

என் அக்கா சாலம்மாளின் புருஷன் மாதையன், நல்லம்பள்ளிக்குத் தெற்கே ஒரு கிணற்றுத் தோட்டத்தை உழுது வாழ்ந்தவர். நல்ல மனிதர், ஆனால் வாய் செத்தவர். பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்தத் தோட்டம் கையைவிட்டுப் போயிருக்காது. நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் வாய்ப்பேச்சாகவே பாகம் பிரித்துக்கொண்டவர்கள். பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு, பெரியப்பா மகன் குப்புராஜ், தோட்டம் தன் அப்பாவுடையது என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டான். அது முப்பத்தாறாம் வருஷம்.

விசாரணை நடுவில் குப்புராஜின் வக்கீல் எழுந்தார். முனியப்பன் கோயிலில் கற்பூரத்தை அணைத்து, தோட்டம் தன் அப்பா பாகத்தில் வந்தது என்று மாதையன் சத்தியம் செய்யட்டும், அந்த நிமிஷமே வழக்கை விட்டுவிடுகிறோம் என்றார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதற்குமேல் பேச்சில்லை. சட்டமும் அதை ஒப்புக்கொண்டிருந்த காலம்.

“சத்தியம் செய்கிறாயா?” என்று முன்சீப் கேட்டார்.

“மாட்டேனுங்க.”

“ஏன்?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். சத்தியம் செய்ய மறுத்தார், காரணம் சொல்லவில்லை என்று முன்சீப் எழுதிக்கொண்டார்.

அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் கற்பூரம் அணைக்கக் கூடாது. மெய்யான சத்தியமே ஆனாலும் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். ஐந்தாம் மாதம் வரை சங்கதியை வெளியே சொல்வதும் இல்லை. சுவருக்கு அந்தப்புறம் குடியிருந்த குப்புராஜுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் கேட்டான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஆனாலும் முன்சீப், அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களின் சாட்சியை நம்பி மாமா பக்கமே தீர்ப்புச் சொன்னார். குப்புராஜ் அப்பீல் போனான். அதற்குள் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. காரணத்தை மாமா அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார். கீழ்க்கோர்ட்டுப் பதிவில் இல்லாததை இங்கே புதிதாகச் சொல்ல முடியாது என்று எங்கள் வக்கீல் கையை விரித்துவிட்டார். சொந்த நிலமாக இருந்தால் எவன் சத்தியத்துக்கு அஞ்சுவான் என்று அப்பீல் நீதிபதி தீர்ப்பைத் திருப்பிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? அவர் கையில் இருந்தது அந்தக் காகிதம் மட்டும்தான்.

மாமாவும் நானும் மொரப்பூரில் ரயிலேறிச் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனோம். எங்களுக்காக ராஜாமணி என்ற வக்கீல் இங்கிலீஷில் பேசினார். ஜட்ஜ் பொறுமையாகத்தான் கேட்டார். ஏதோ சொன்னார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தாழ்வாரத்துக்கு வந்து ராஜாமணி சொன்னார்: “இரண்டாவது அப்பீல்ல சட்டத்துல பிசகு இருக்கான்னு மட்டும்தான் பார்க்க முடியும். யார் சொல்றது நெஜம்கிறது கீழேயே முடிஞ்சுபோச்சு. நியாயம் உங்க பக்கம் இருக்கலாம்னு ஜட்ஜே சொன்னார். ஆனா அதுல கை வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை.”

மாமா கைகூப்பினார். “இப்ப புள்ள பொறந்து நடக்குதுங்க சாமி. இங்கியே ஒரு கற்பூரம் ஏத்தச் சொல்லுங்க. ஜட்ஜு எசமான் கண்ணு முன்னால அணைக்கறேனுங்க.”

“இங்க யாரும் சத்தியம் பண்ண முடியாதுய்யா. இங்க சாட்சியே கிடையாது.”

“அப்ப நான் யாருகிட்டங்க சொல்றது?”

ராஜாமணி காகிதக் கட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

ஊருக்கு வந்ததும், யார் தடுத்தும் கேளாமல், மாமா தலை முழுகி ஈரத் துணியோடு முனியப்பன் கோயிலுக்குப் போனார். ஊரே கூடிவிட்டது. குப்புராஜும் வந்து கைகட்டி நின்றான். தோட்டம் தன் அப்பா பாகம் என்று உரக்கச் சொல்லி, மாமா கற்பூரத்தை அடித்து அணைத்தார். கை கொப்பளித்துப்போனது. பூசாரி கொடுத்த திருநீற்றைக் குப்புராஜும் நெற்றி நிறையப் பூசிக்கொண்டான்.

அன்றைக்கு ஊரில் மாமாவை நம்பாதவர் ஒருவரும் இல்லை. அடுத்த வாரம் கோர்ட்டு அமீனா வந்து தோட்டத்தைக் குப்புராஜிடம் ஒப்படைத்தார். நம்பிய அத்தனை பேரும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.